ஒரிஜினல் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் கண்டனூரில் இருக்கிறோம். நான் பத்தாவது வரை படித்தவள். வீட்டிலேயே தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை என்று பலகாரம் செய்து விற்கிறேன். கணவருக்குத் தச்சு வேலை. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பட்டம் படித்தவர்கள் யாரும் இல்லை. மூத்தவன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான். சின்னவள் ஆறாம் வகுப்பிலிருந்து காரைக்குடியில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். தமிழ் 91, ஆங்கிலம் 84, கணிதம் 88, இயற்பியல் 76, வேதியியல் 84, கம்ப்யூட்டர் சயின்ஸ் 89. மொத்தம் 512.

போன வாரம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து வருகிறோம் என்று சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "உங்கள் பிள்ளைக்குக் கட் ஆஃப் 168தான், கவுன்சலிங்கில் நல்ல கோர்ஸ் கிடைக்காது. எங்கள் கல்லூரி அட்டானமஸ், நாக் ஏ பிளஸ், கிரெடிட் சிஸ்டம். 10,000 ரூபாய் முன்பணமும் ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி.யும் கொடுத்தால் கம்ப்யூட்டர் சீட்டை உறுதி செய்துவிடலாம்" என்றார்கள். பாதி வார்த்தை புரியவில்லை, திருப்பிக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. 512 வாங்கியவளுக்கு ஏன் 168 என்கிறார்கள்? அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீதமும் முதல் பட்டதாரி சலுகையும் எங்களுக்கு உண்டா? மகளோ பி.எஸ்சி. கணிதம் படிக்கிறேன் என்கிறாள். பணத்தைக் கட்டிவிடலாமா, வேண்டாமா?

ஒரு தாய், கண்டனூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில். கட்ட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ் எதையும் கொடுக்கவும் வேண்டாம். அவர்கள் மறுபடி வந்தால், "கவுன்சலிங் முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் பெற்றோர்கள் வருகிறார்கள். கல்லூரியில் கணிதம் கற்பித்து, சேர்க்கைக் குழுவிலும் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: புரியாத வார்த்தைக்குப் பொருள் கேட்பதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. விளக்க வேண்டிய கடமை அந்தக் கல்லூரியுடையது.

512, 168 இரண்டுமே சரியான எண்கள்தான். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் பயன்படுவதில்லை. பொறியியல் கலந்தாய்வில், அதாவது அரசு நடத்தும் கவுன்சலிங்கில், மொழிப்பாடங்களைக் கணக்கில் எடுப்பதில்லை. கணித மதிப்பெண்ணை முழுதாகவும், இயற்பியலையும் வேதியியலையும் பாதிப் பாதியாகவும் எடுத்து 200-க்குக் கணக்கிடுவார்கள். உங்கள் மகளுக்குக் கணிதம் 88, இயற்பியல் 76-இல் பாதி 38, வேதியியல் 84-இல் பாதி 42. கூட்டினால் 168. அதுதான் அவளுடைய கட் ஆஃப். கம்ப்யூட்டர் சயின்ஸில் வாங்கிய 89 இதில் வராது.

அதே பிள்ளை அரசு கலை அறிவியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் கணக்கே வேறு. அங்கே மொழிப்பாடங்கள் இரண்டையும் விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டி 400-க்குத் தரவரிசை போடுவார்கள். 88, 76, 84, 89 சேர்ந்தால் 337. பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்றவற்றுக்கு இந்த 337தான் பேசும். பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழில் வாங்கிய 91-ஐ வைத்துத் தனிப் பட்டியல், பி.ஏ. ஆங்கிலம் கேட்டால் ஆங்கில மதிப்பெண்ணை வைத்து இன்னொரு பட்டியல். ஆகவே "உங்கள் பிள்ளை மார்க் குறைவு" என்று யாராவது சொன்னால், எந்தப் படிப்புக்கு, எந்தக் கணக்கில் என்று கேளுங்கள்.

கட் ஆஃப் என்பதை இன்னொரு பொருளிலும் சொல்வார்கள், குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. போன வருடம் ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில், ஒரு இனப்பிரிவில் கடைசியாக இடம் கிடைத்த மாணவரின் மதிப்பெண்ணையும் கட் ஆஃப் என்றுதான் சொல்கிறார்கள். அது கல்லூரி முன்கூட்டியே வைத்த அளவுகோல் கிடையாது. அந்த வருடம் யார் யார் எதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து அமைந்த எண். வருடா வருடம் ஏறும், இறங்கும். பொறியியல் சேர்க்கையின் இணையதளத்தில் கல்லூரி வாரியாக, இனப்பிரிவு வாரியாக இதை வெளியிடுகிறார்கள். 168-க்கு நல்ல இடம் கிடைக்காது என்று வீட்டுக்கு வந்தவர் சொன்னதை அப்படியே நம்புவதைவிட, மகளை உட்காரவைத்து அந்தப் பட்டியலை ஒரு மாலை நேரம் பாருங்கள். எதைப் பார்க்கும்போதும் உங்கள் இனப்பிரிவுக்கான கட்டத்தையும், பொதுப்பிரிவுக் கட்டத்தையும் சேர்த்தே பாருங்கள்.

பொதுப்பிரிவு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓ.சி. என்றால் முன்னேறிய வகுப்பாருக்கு என்று நம் பக்கம் நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது திறந்த போட்டி. தமிழ்நாட்டில் 69 சதவீதம் இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1. மீதி 31 சதவீதம் எல்லாருக்கும் பொது. உங்கள் மகளின் மதிப்பெண் அதற்குள் வந்தால் அந்த இடமும் அவளுக்குக் கிடைக்கும். சாதிச் சான்றிதழை இணைத்துவிட்டால் அந்தப் பொது இடத்தை இழந்துவிடுவோமோ என்று பயந்து சான்றிதழே இணைக்காத பெற்றோரும் உண்டு. அப்படி எதுவும் ஆகாது. கட்டாயம் இணையுங்கள்.

இனி சலுகைகள். 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்கு வராது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான் அது. அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. நம் ஊர்களில் இது பெரிய ஏமாற்றமாக வந்து நிற்கும், ஏனென்றால் இங்கே பழைய பள்ளிகளில் பல, நகரத்தார் அறக்கட்டளைகள் கட்டிக் கொடுத்து, அரசு ஆசிரியர் சம்பளம் தந்து நடப்பவை. சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் அரசு தருகிறது, அதனால் அரசுப் பள்ளி என்றே நினைத்துவிடுகிறோம். விண்ணப்பத்தில் தெரியாமல் "அரசுப் பள்ளி" என்று குறித்துவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். சரியாகக் குறியுங்கள்.

வேறொரு நல்ல செய்தி இருக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரியில் படிக்கும்போது தரும் மாதம் 1,000 ரூபாய் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவளுக்கு இது கிடைக்க வேண்டும். கலைக் கல்லூரியோ பொறியியலோ, எதில் சேர்ந்தாலும் கல்லூரி அலுவலகம் வழியாக விண்ணப்பிக்கலாம். பள்ளியிலிருந்து தமிழ் வழியில் படித்ததற்கான சான்றிதழை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். பின்னால் அரசு வேலைக்கும் உதவும்.

முதல் பட்டதாரி சலுகை உங்களுக்கு உண்டு. மூத்தவன் படித்த ஐ.டி.ஐ. பட்டப்படிப்பு இல்லை, அதனால் அது குறுக்கே நிற்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழியாகச் சான்றிதழ் வரும். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. விசாரணைக்கு நாளாகலாம் என்பதால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

வந்தவர்கள் உங்களிடம் சொல்லாமல் விட்டது இங்கேதான் இருக்கிறது. முதல் பட்டதாரிக்குச் சுயநிதி, அதாவது அரசு உதவி இல்லாமல் நடக்கும் தனியார், பொறியியல் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் குறையும். நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம். ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் அது கிடைக்கும். கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அவர்கள் உறுதி செய்து தருகிறோம் என்று சொன்ன சீட், முன்பணம் வாங்கி நேரடியாகப் போடும் சீட். அது நிர்வாக ஒதுக்கீடுதான். கட்டணமும் அதற்கு அதிகம். இன்றைக்கு 10,000 ரூபாய் கொடுத்து இடம் பிடிக்கிறோம் என்று நினைத்து, ஒரு லட்சம் ரூபாய்ச் சலுகையைக் கைகழுவிவிடுவீர்கள். இத்தனைக்கும் சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் தங்கள் இடங்களில் 65 சதவீதத்தையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 சதவீதத்தையும் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே அவர்கள் சொன்ன அதே கல்லூரி, அதே கம்ப்யூட்டர் பிரிவு, கலந்தாய்விலும் உங்கள் மகள் முன்னால் வரக்கூடும். குறைந்த கட்டணத்தில், சலுகையோடு. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. யாருக்கு அந்தப் பணம் மிக அவசியமோ, அவர்கள் வீட்டுக்குத்தான் இந்த ஆட்கள் முதலில் போகிறார்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். மாற்றுச் சான்றிதழ் பள்ளியில் ஒன்றுதான் தருவார்கள். அது ஒரு கல்லூரியின் அலமாரிக்குள் போய்விட்டால், கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தும் போய்ச் சேர முடியாமல் நிற்க வேண்டியதுதான். "முழு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. அப்படிச் செய்யக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. சேர்க்கையின்போது அசலைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும். கட்டணம் கட்டியபின் விலகினாலும், அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கைத் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று அதில் 5 சதவீதம், அதிகம் போனால் 5,000 ரூபாய்தான் பிடிக்கலாம். நாள் ஆக ஆகத் திரும்ப வரும் தொகை குறையும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டிவிட்டால் எதுவும் வராது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு இந்த விதி எதுவும் கைகொடுக்காது என்பதையும் மனதில் வையுங்கள். விண்ணப்பிக்கும் கட்டத்தில் ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். இடம் உறுதியாகி, சேரப் போகும் நாளில்தான் அசல் வெளியே வர வேண்டும். அதற்கு முன் ஒவ்வொன்றிலும் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் அடுக்கிய பெரிய பெரிய வார்த்தைகளைப் பார்ப்போம்.

அட்டானமஸ் என்றால் தன்னாட்சி. பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுக்கும், தேர்வையும் அதுவே நடத்தித் திருத்தும். ஆனால் பட்டம் கொடுப்பது கல்லூரி இல்லை, அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான். நம் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி 1952-இல் தொடங்கியது. அதுவும் தன்னாட்சிக் கல்லூரிதான், பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. தன்னாட்சி என்பதால் மட்டும் ஒரு கல்லூரி உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. பாடம் கற்பிக்க நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கேட்பது அதைவிட முக்கியம் என்பது என் கருத்து.

யார் பட்டம் தருகிறார்கள் என்ற கேள்வியைச் செட்டிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர்கள் இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. சிவகங்கை மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் 1985-இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அரிமளம், ராயவரம் பக்கத்துப் பிள்ளைகள் புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரியில் சேர்ந்தால் பட்டம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடையது. பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் போகும் இரண்டு தோழிகள் வேறு வேறு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைப் படிக்கலாம். பொறியியலுக்கு இந்தப் பிரிவு கிடையாது, கலந்தாய்வில் வரும் கல்லூரிகள் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பது மூன்றாவது வகை. அதுவே பட்டம் தரும், சேர்க்கையையும் கட்டணத்தையும் அதுவே தீர்மானிக்கும், மாநிலக் கலந்தாய்வு வழியாக அங்கே போக முடியாது.

நாக் என்பது தேசியத் தர மதிப்பீட்டுக் குழு. கல்லூரி முழுவதையும் மொத்தமாகப் பார்த்துத் தரும் கிரேடு அது. ஏ பிளஸ் பிளஸ், ஏ பிளஸ், ஏ என்று இறங்கி வரும். பொறியியலுக்கு இன்னொன்று உண்டு, என்.பி.ஏ. என்பார்கள். அது ஒவ்வொரு பாடப்பிரிவாகப் பார்த்துத் தருவது. நம் ஊர்ப் பெரிய வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரு சுற்றுப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது நாக் என்றால், அடுப்படிக்குள் நின்று புகை போகிறதா என்று பார்ப்பது என்.பி.ஏ. உங்கள் மகள் சேரப்போவது கம்ப்யூட்டர் பிரிவு என்றால், அந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த வருடம் வரை செல்லும் என்று கேளுங்கள். இரண்டுக்குமே காலக்கெடு உண்டு. காலாவதியான கிரேடைப் பேனரில் விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கிரெடிட் சிஸ்டம் என்று தனியாகப் பெருமை சொல்ல ஒன்றுமில்லை, இன்றைக்கு எல்லாக் கல்லூரியிலும் அதுதான். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு, ஒரு பருவம் முழுக்க நடந்தால் ஒரு கிரெடிட். ஆய்வகம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அதிக கிரெடிட் உள்ள பாடம் மொத்த மதிப்பெண்ணை அதிகமாக இழுக்கும். நான்கு கிரெடிட் பாடத்தில் 9 புள்ளியும், இரண்டு கிரெடிட் பாடத்தில் 6 புள்ளியும் வாங்கினால் சராசரி ஏழரை இல்லை. நான்கு ஒன்பது 36, இரண்டு ஆறு 12, கூட்டினால் 48. அதை மொத்தம் 6 கிரெடிட்டால் வகுத்தால் 8. இப்படி எல்லாப் பருவத்துக்கும் சேர்த்துப் போடுவதுதான் சி.ஜி.பி.ஏ. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்கள் பல முதலில் கேட்பது இதையும், "அரியர் இருக்கிறதா" என்பதையும்தான். அரியர் என்றால் தேறாமல் நிற்கும் தாள், அடுத்த முறை எழுதித் தேற வேண்டும். மகளிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், உங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வாள். இன்டர்னல் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் அங்கே போனபின் தானாகத் தெரிந்துகொள்வாள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள்.

சரி, பி.எஸ்சி. கணிதம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். அதை நீங்கள் ஒரு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிடித்த பெண், கணிதத்தில் 88 வாங்கிய பெண், அதையே படிக்கிறேன் என்று தானாக வாய்விட்டுச் சொல்கிறாள் என்றால், அதை இரண்டாம் தரமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி., பி.எட். என்று ஆசிரியர் வழியில் போகலாம். பி.எட்.டோடு ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும், எம்.எஸ்சி., பி.எட். முடித்தால் முதுகலை ஆசிரியர் பணிக்கும் முயற்சி செய்யலாம். கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை வந்தால், கணிதம் படித்தவர்களுக்கு எம்.சி.ஏ. கதவு திறந்தே இருக்கிறது, இப்போது அது இரண்டு வருடப் படிப்புதான். ஜாம் என்ற தேர்வை எழுதி ஐ.ஐ.டி.யிலேயே எம்.எஸ்சி. சேரலாம். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள் பலவற்றுக்கும் பட்டம் போதும். என்னிடம் படித்த பெண்கள் இந்த வழிகள் ஒவ்வொன்றிலும் போயிருக்கிறார்கள்.

காரைக்குடியிலேயே அழகப்பா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 1947-இல் தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி. அரசுக் கல்லூரிக்கு இணையவழி விண்ணப்பம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50 ரூபாய்தான் செலவு. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 2 ரூபாய் மட்டும். உதவி பெறும் கல்லூரிக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இந்த சீட் எய்டட் பிரிவா, செல்ஃப் ஃபைனான்ஸா?" ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம், ஒரே பட்டம். ஆனால் ஒரு பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, கட்டணம் குறைவு. இன்னொரு பிரிவு சுயநிதி, கட்டணம் பல மடங்கு இருக்கலாம். ஷிப்ட் ஒன்று, ஷிப்ட் இரண்டு என்று சொல்வதும் பல இடங்களில் இந்த வேறுபாட்டைத்தான். நல்ல பெயருள்ள எய்டட் காலேஜ் என்று சந்தோஷமாகச் சேர்த்துவிட்டு, ரசீதைப் பார்த்துத் திகைத்த பெற்றோரை ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்த்திருக்கிறேன். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். மூன்று வருடத்துக்கும், தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம் உட்பட எவ்வளவு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அதற்காகப் பொறியியலை இப்போதே மூடிவிடவும் வேண்டாம். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம், ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 250. கல்லூரி விருப்பப் பட்டியல் போடும்போது, கிடைக்குமா கிடைக்காதா என்று பார்த்து வரிசை போடாதீர்கள். எது மிகவும் வேண்டுமோ அதை முதலில் வையுங்கள். கணினி அந்த வரிசைப்படிதான் பார்த்துக்கொண்டே வரும், மேலே எட்டாத ஒன்றை வைத்ததால் கீழே உள்ளது பறிபோகாது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். உங்கள் பட்டியலில் நம் ஊர் அரசு பொறியியல் கல்லூரியின் பிரிவுகள் எல்லாம் இருக்கட்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், நம் பேச்சு வழக்கில் சிக்ரியில், ரசாயன மின்வேதியியல் பொறியியலில் ஒரு பி.டெக். படிப்பும் உண்டு, அதற்கும் இதே கலந்தாய்வுதான் வழி. பி.இ., பி.டெக். என்ற பெயரில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. இரண்டும் நான்கு வருடம், இரண்டும் சம மதிப்பு.

இடம் ஒதுக்கியதும் திரையில் சில தேர்வுகள் கேட்கும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்பது ஒன்று. ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்பது இன்னொன்று. வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. கையில் உள்ள இடத்தையும் விடாமல், மேலே உள்ளதற்கும் வாய்ப்பு வேண்டும் என்றால் இரண்டாவதுதான். அவசரத்தில் வேறு எதையாவது அழுத்திவிட்டு அழுகிற பிள்ளைகள் உண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள்.

கண்டனூரிலோ காரைக்குடியிலோ பிரவுசிங் சென்டரில் பதிவு செய்வதாக இருந்தால், கடைக்காரரின் செல்போன் எண்ணையோ அவருடைய மின்னஞ்சலையோ போட விடாதீர்கள். ஓ.டி.பி., ஒதுக்கீட்டுச் செய்தி, பணம் கட்டக் கடைசி நாள் எல்லாம் பதிவு செய்த எண்ணுக்குத்தான் வரும். கலந்தாய்வு முடியும்வரை மாற்றாத, உங்கள் வீட்டு எண்ணையே கொடுங்கள். மகள் பெயரில் மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, கடவுச்சொல்லை ஒரு நோட்டில் அவள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் திருத்துவதற்கு நாளாகும், விண்ணப்பக் கடைசித் தேதி அதற்காகக் காத்திருக்காது.